தையில் விதைத்தால் சித்திரையில் என்ன கிடைக்கும்? வன்னியின் கூடார மரக்கறியும் நாற்றுப் பருவமும்

ரொறன்ரோவில் இருக்கும் நம் உறவினர் மாசி மாதத்தில் வீட்டுச் சன்னலோரம் தக்காளி விதை போடுவார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். விதைக்கு விளக்கு வேண்டும், சில வேளை சூடேற்றும் பாயும் வேண்டும். மே நடுப்பகுதியில் உறைபனி ஒழிந்த பிறகுதான் அந்த நாற்று மண்ணைக் காணும். ஆண்டு பிறந்ததும் கண்ணாடிக்குள்ளோ பொலித்தீனுக்குள்ளோ விதை போடும் வழக்கம் அந்தக் குளிருக்காகப் பிறந்தது. ஆனால் விதைப் பொதியின் பின்னட்டையிலும் கைபேசிக் காணொளிகளிலும் ஏறி, அது கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்துவிட்டது. மானியத்தில் ஒரு பொலித்தீன் கூடாரம் கிடைத்த கமக்காரர் தைப்பொங்கல் முடிந்த கையோடு தட்டில் விதை போடுகிறார். பங்குனிக் கடைசியில் செடி ஆளுயரம் நிற்கிறது, பூவோ கொட்டிப்போகிறது. பசளை போதாது என்பார் ஒருவர், விதை சரியில்லை என்பார் இன்னொருவர். நாட்காட்டியை யாரும் குற்றம் சொல்வதில்லை.

நாட்காட்டியைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

தக்காளி விதை நன்றாக முளைக்க 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் போதும். வன்னியில் மார்கழி, தை மாதங்களின் பகல் அதைக் கேளாமலே தருகிறது. வவுனியாவில் தை மாத விடியற்காலையில் குளிர் என்று போர்த்திக்கொள்வோம். அப்போதும் வெப்பமானி 20 பாகையைவிட அதிகம் கீழே இறங்குவது அரிது. வெளிச்சமும் அப்படித்தான். இலண்டனில் தை மாதப் பகல் ஏறத்தாழ எட்டு மணித்தியாலம். கிளிநொச்சியில் பதினொன்றரைக்கும் மேல். நம்முடைய மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். ஆக, குளிர்நாட்டுக்காரர் கூடாரத்தால் எதை வாங்குகிறாரோ அது இங்கே தெருவில் சும்மா கிடக்கிறது. நமக்குத் தட்டுப்பாடு வேறு இரண்டில்: ஐப்பசி முதல் மார்கழி வரை மழை இல்லாத இடம், மாசி முடிந்த பிறகு வெயில் குறைந்த இடம். இவற்றோடு ஆண்டு முழுவதும் வெள்ளை ஈ நுழையாத இடம் என்ற மூன்றாவது தேவையும் உண்டு.

தை நடுவில் விதைத்த தக்காளியைக் கணக்குப் பார்ப்போம். மூன்று கிழமையில் நாற்று தயார். மாசி முற்பகுதியில் நடலாம். நட்ட 30, 35 நாளில் பூக்கும். அது ஆங்கிலக் கணக்கில் மார்ச் நடுப்பகுதி. அன்றிலிருந்து ஏப்ரல் கடைசி வரை காய் பிடிக்கவேண்டிய காலம். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கையின் உச்சிக்கு நேராகக் கடக்கிறது. வன்னியில் அது சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நிகழும். பகலில் 34, 35 பாகை, இரவில் 25 பாகைக்கு மேல். தக்காளிக்குக் காய் பிடிக்கப் பகல் 30 பாகைக்குள்ளும் இரவு 21 பாகையை ஒட்டியும் இருந்தால் நல்லது. பகல் 32ஐத் தாண்டி, இரவும் புழுங்கினால் மகரந்தம் கெட்டுவிடும். அதிலும் நுட்பமான சங்கதி ஒன்று உண்டு. வெப்பத்துக்கு மகரந்தம் மிகவும் நொய்ந்துபோவது பூ விரியும் நாளில் அல்ல, அதற்கு 8 முதல் 13 நாள் முன்பு, மொட்டுக்குள் அது உருவாகும்போது. புத்தாண்டுக்குப் பூ கொட்டுகிறதென்று அன்றைக்குத் தண்ணீர் தெளித்துப் பயனில்லை. சேதம் ஏப்ரல் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. கூடாரத்துக்குள் காற்றோட்டம் குறைந்தால் வெளியே இருப்பதைவிட ஐந்தாறு பாகை ஏறும். குளிர்நாட்டில் பணம் கொடுத்து வாங்கும் அந்த ஐந்தாறு பாகை இங்கே நட்டம்.

இனி விதைப்பை இரண்டு மாதம் முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். நவம்பர் பத்தாம் திகதியளவில், அதாவது ஐப்பசிக் கடைசியில், விதைத்தால் டிசம்பர் முதல் வாரம் நடவு, ஜனவரி நடுப்பகுதியில் பூ. வன்னியின் ஆண்டிலேயே குளிர்ந்த இரவுகளில் காய் பிடிக்கும், மாசியில் பறிக்கலாம். ஐப்பசித் தொடக்கத்திலேயே விதைத்தவருக்கு மார்கழி, தை மாதச் சந்தை கிடைக்கும். மழையில் வெளித்தோட்டங்கள் அழிந்து விலை ஏறி நிற்கும் காலம் அது. 2024 ஜனவரியில் கரட் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். அதற்குப் பின்னாலும் மழைதான் இருந்தது. ஆண்டின் முற்பகுதியில் பறிக்கும் மரக்கறியை ஆண்டு பிறக்குமுன்பே விதைத்திருக்கவேண்டும் என்பதே இந்த மண்ணின் கணக்கு. ஸ்பெயினின் அல்மேரியாவைப் பார்த்தாலும் இது விளங்கும். 30,000 ஹெக்டயருக்கு மேல் பொலித்தீனால் மூடப்பட்ட அந்த வறண்ட கரையோரத்தில் நடவு பெரும்பாலும் ஓகஸ்ட், செப்டெம்பரில் நடக்கிறது. குளிர்காலம் முழுக்கப் பறித்து ஐரோப்பாவுக்கு விற்கிறார்கள். கடும் கோடையில் கூடாரத்தை வெறுமையாக விட்டுக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். வெயில் நாட்டுக்காரரின் நாட்காட்டி அது. நமக்கு அதுதான் கிட்டிய உறவு.

தை விதைப்பு முற்றாகப் பிழை என்று சொல்லவரவில்லை. பயிருக்குப் பயிர் அது மாறும். கெக்கரி இரண்டு கிழமையில் நாற்றாகி, நட்டு 35, 40 நாளில் காய் தரும். தை முதல் வாரம் போட்டால் மாசிக் கடைசியில் பறிக்கத் தொடங்கிப் புத்தாண்டோடு கொடியைப் பிடுங்கிவிடலாம். வெப்பம் உச்சிக்கு ஏறுமுன் கணக்கை முடித்துக்கொள்ளும் பயிர் இது. கூடாரங்களில் வளர்க்கும் சலாதுக் கெக்கரி பெரும்பாலும் பெண் பூ மட்டும் பூத்து, மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் கலப்பினம். தேனீ தேவையில்லை, ஆனால் ஒரு விதைக்கே பல பத்து ரூபாய் கொடுக்கவேண்டும். கத்தரியும் மிளகாயும் தக்காளியைவிட வெயில் தாங்கும். மிளகாய் நாற்றுக்கு 30, 35 நாள் வேண்டும் என்பதால் தையில் போட்டது மாசி நடுவில்தான் நிலத்துக்குப் போகும், ஆனால் சிறுபோகம் முழுக்க நிற்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய ஊதாக் கத்தரியும் வெள்ளைப் பாகலும் கூடாரத்தைக் கேட்கவே இல்லை. பாகல், புடோல், பயற்றை, வெண்டி எல்லாம் நேரே நிலத்தில் போடவேண்டியவை. அவற்றுக்குப் பொலித்தீன் செலவு வீண். குடைமிளகாய் ஆசைப்பட வைக்கும் பயிர். இரவு குளிராவிட்டால் அதுவும் பூவை உதிர்க்கும். தம்புள்ளைச் சந்தையில் மலைநாட்டுக் குடைமிளகாயோடு போட்டி போடவேண்டிய தேவை வன்னிக்கு இல்லை.

நாற்றை மறைத்து வளர்ப்பது இங்கே புதிதல்ல. 1970 முதல் 1977 வரை, சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் குடியேறிய படித்த வாலிபர்கள் மிளகாயில் பணம் பார்த்தார்கள். அந்தத் தலைமுறை நாற்றுமேடையைக் கவனித்த கவனிப்பை இன்றைய கூடாரங்கள் பலவற்றில் காணோம். மேட்டுப் பாத்தி கட்டி, அதன்மேல் வைக்கோலையும் உமியையும் மாறி மாறி அடுக்கி மெல்ல எரித்து மண்ணைச் சுத்தம் செய்வார்கள். விதை போட்டதும் வைக்கோல் மூடாக்கு. கப்புக் கால் நட்டுக் கிடுகுப் பந்தல். காலையில் கிடுகைத் தூக்குவார்கள், உச்சி வெயிலுக்கும் மழைக்கும் இறக்குவார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு விலை விழுந்தது. பின்னர் யுத்தமும் இடப்பெயர்வும் வந்தன. 2009க்குப் பின் செட்டிகுளம் முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களிடம் நிலம் இருந்தது. வீட்டு முகட்டில் புகையில் தொங்கிய விதைச்சுரைக்குடுவை இருக்கவில்லை. உதவிப் பொதியில் வந்த விதையோடுதான் பலரின் தோட்டம் மறுபடி தொடங்கியது. அந்தப் பொதியோடு வந்த அட்டவணையும் அப்படியே நிலைத்துவிட்டது.

கிடுகுப் பந்தலின் இடத்தை இன்று பொலித்தீனும் பூச்சி வலையும் எடுக்கின்றன. எங்கே கோட்டை விடுகிறோம் என்று பார்த்தால், முதலில் மண். மாரி நாற்றை அழிக்கும் பெரிய எதிரி நாற்றழுகல். பித்தியம் முதலான கிருமிகள் ஈரத்தில் தண்டின் அடியைக் கருக்கி ஒரே இரவில் வரிசையாகச் சாய்த்துவிடும். ஈர மண்ணின் மேல் நிறமற்ற பொலித்தீனை இறுக்கமாக விரித்து வெயிலில் வேகவைக்கும் முறையை இஸ்ரேலில் ஜாக்கொவ் கட்டான் குழுவினர் 1976இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். நம் விவசாயத் திணைக்களமும் அதைச் சொல்லித் தருகிறது. ஆனால் நாற்றுக்கு மண் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில் வெயில் கிடையாது. அந்த வேலையை ஆவணி, புரட்டாதியின் காய்ச்சலில் மூன்று கிழமை செய்து, மண்ணை உலர்த்திச் சாக்கில் கட்டி வைத்துக்கொள்ளவேண்டும். வன்னியில் வெயில் வீணாகும் மாதத்தில் மாரிக்கு வேண்டிய மண்ணைத் தயாரிப்பது செலவில்லாத சேமிப்பு.

தட்டுக்கு வந்தவர்களுக்குத் தும்புத்தூள் நல்ல ஊடகம். கிளிநொச்சி மாவட்டத்திலேயே பளைப் பக்கம் தென்னை இருக்கிறது. புதுத் தும்புத்தூளில் உப்பு இருக்கும், அதைக் கழுவாமல் போட்டால் இளவேர் கருகும். முதல் மழைக்கு அதை வெளியில் மேடாகக் குவித்துவிட்டால் வானமே கழுவித் தரும். பிறகு சலித்த கூட்டெருவைச் சேர்த்துத் தட்டை நிரப்பலாம். ஒரு கிராம் தக்காளி விதையில் ஏறத்தாழ 300 மணி இருக்கும். மேடையில் தூவினால் எத்தனை கெட்டது என்று தெரியாது. தட்டில் குழிக்கு ஒன்று போட்டால் முளைக்காத குழி கண்ணில் படும். திலின போன்ற உள்ளூர் வகை என்றால் இந்தக் கணக்கு பெரிதில்லை. கலப்பின விதை வாங்கியவருக்கு அதுவே இலாப நட்டம்.

அடுத்தது பச்சை நிழல்வலை. இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. கூடாரம் என்றால் பச்சை வலை என்று ஒரு எண்ணம் ஊறிவிட்டது. கார்த்திகை, மார்கழியில் வானமே இருண்டு கிடக்கும்போது பாதி வெளிச்சத்தை மறிக்கும் வலையையும் மேலே போட்டால் நாற்று வெளிச்சம் தேடி நூலாக நெடுக்கும். அப்படி நெடுத்த நாற்று வயலில் முதல் வாடைக்காற்றுக்கே படுத்துவிடும். மாரியில் வலையைக் கழற்றி நிறமற்ற பொலித்தீனை மட்டும் விடவேண்டும். மாசி தொடங்கியதும் வலை வரலாம். நடுவதற்கு ஒரு கிழமை முன் தண்ணீரைக் குறைத்து நாற்றை வெயிலுக்குப் பழக்குவது எந்த மாதத்துக்கும் பொருந்தும். தண்ணீர் காலையில் மட்டும். மாலையில் நனைந்த இலை இரவெல்லாம் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

மழை ஓய்ந்ததும் வெள்ளை ஈ பெருகும். தக்காளி, மிளகாய் இலைச்சுருளல் வைரசை அது பரப்புகிறது. நாற்றுப் பருவத்தில் வைரசு ஏறிய செடி காய்க்காது. நட்டு ஒரு மாதம் கழித்து ஏறினால் ஓரளவாவது பறிக்கலாம். எனவே மூன்று கிழமை நுண்வலைக்குள் பாதுகாப்பது, பிறகு மூன்று மாதம் மருந்து அடிப்பதைவிட மலிவு. மண்ணில் வாடல் நோயும், தாழ்ந்த நிலத்தில் தேங்கும் தண்ணீரும் இன்னொரு தொல்லை. தாய்வானில் உள்ள உலக மரக்கறி நிலையம் தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டி இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்கும் முறையைப் பரப்பி வருகிறது. கத்தரி வேர் சில நாள் வெள்ளத்தையும் தாங்கும். சுண்டங்கத்தரி வேரில் கத்தரி ஒட்டுவதை நம்மவரும் அறிவார்கள். ஒட்டு நாற்றுக்கு நிழலும் ஈரப்பதனும் கொண்ட சிறிய இடம் ஒரு கிழமை வேண்டும். அதற்கும் நாற்றுக்கூடாரமே போதும்.

முழுக் கூடாரங்களின் கதை வேறு. இலங்கையில் கூடாரச் செய்கை வேரூன்றியது மலைநாட்டில். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்குக் கதகதப்பும் மழைமறைப்பும் ஒன்றாகத் தேவை. தாழ்ந்த, நாற்புறமும் அடைத்த கூடாரம் அங்கே பொருந்தும். அதே வரைபடத்தைச் சமவெளியில் நிறுத்தினால் மதியத்தில் உள்ளே நிற்க முடியாது. வன்னிக்கு உயர்ந்த கூரையும், உச்சியில் திறப்பும், பக்கங்களில் வலையும் வேண்டும். வெள்ளை ஈ நுழையாத நுண்வலை காற்றையும் தடுக்கும் என்பதால், வலையின் பரப்பைக் கூட்டாமல் கண்ணை மட்டும் சிறிதாக்கினால் ஒரு தொல்லையைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியதாகும். வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்று தளர்ந்த பொலித்தீனைக் கீறியெடுத்துவிடும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியதுபோல வாடைக் காலப் புயல்களும் உண்டு. குரங்கும் தன் பங்குக்குக் கூரையில் ஏறிப் பார்க்கும். மயிலும் கட்டாக்காலி மாடும் உள்ளே வராது என்பது கூடாரத்துக்குச் சொல்லக்கூடிய ஒரு நல்ல வார்த்தை.

புறவூதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரோன் பொலித்தீனின் ஆயுள் மூன்றாண்டளவு. முதல் விரிப்பு மானியத்தில் வரும், இரண்டாவது விரிப்பு கமக்காரரின் கையிலிருந்து வரவேண்டும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீங்கியது. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. கரையும் பசளை, கலப்பின விதை, பொலித்தீன் மூன்றும் கப்பலில் வருபவை. திட்டம் முடிந்ததும் எலும்புக்கூடாக நிற்கும் இரும்புக் குழாய்களுக்கு விளக்கம் தேட வேறெங்கும் போகவேண்டாம்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. சிறுபோகத்தில் இரணைமடுத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்கு என்பதை மாவட்டச் செயலகக் கூட்டம் தீர்மானிக்கும். அதில் நெல்லுக்கே முதல் பேச்சு. மரக்கறிக்காரர் கிணற்றை நம்பியவர். பூநகரிப் பக்கத்தில் உப்பு, சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்களில் காரம். தும்புத்தூள் பையில் வளர்க்கும்போது இரண்டும் விரைவில் இலையில் தெரியும். ஆனால் 1,000 சதுர அடிக் கூரையில் கார்த்திகை மாதம் 300 மில்லிமீற்றர் மழை விழுந்தால், சிந்தியது போக ஏறத்தாழ 24,000 லீற்றர் பிடிக்கலாம். அந்தக் கூடாரம் கொள்ளும் 230 தக்காளிச் செடிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் வீதம் இரண்டு மாதத்துக்கு மேல் போதும். பீலி வைத்த கூடாரத்தைத்தான் காணக் கிடைப்பதில்லை.

230 செடி என்ற அந்த எண்ணிக்கையை இன்னொரு எண்ணிக்கையோடு வைத்துப் பார்க்கலாம். 20 சதுர மீற்றர் அளவில் ஒரு சிறிய மழைமறைப்புக் கட்டி, நடைவழி போக 12 சதுர மீற்றரில் 98 குழித் தட்டுகளை அடுக்கினால் ஏறத்தாழ 80 தட்டு, 7,800 நாற்று. ஒரு ஏக்கர் தக்காளிக்கு 10,000 நாற்றளவு வேண்டும். புரட்டாதிக் கடைசியிலிருந்து தை வரை மூன்று தடவை போட்டால் இரண்டு ஏக்கருக்கு மேல் போகும். முழுக் கூடாரத்துக்குப் போகும் பொலித்தீனில் சிறு பங்கு போதும், பயன் பல குடும்பங்களுக்கு. தமிழ்நாட்டில் 2004இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டயரில் தொடங்கிய நுண்ணியப் பண்ணைத் திட்டம் இதைச் செய்து காட்டியது. சொட்டுநீரோடு குழித்தட்டு நாற்றையும் கூட்டாக நிழல்வலைக்குள் வளர்த்துக் கொடுத்தார்கள். இன்று அந்த மாவட்டங்களில் நாற்று வளர்த்து விற்பது தனித் தொழில். கமக்காரர் விதை வாங்குவதில்லை, நாற்றுக்குத் திகதி சொல்லி முன்பணம் கட்டுகிறார்.

வன்னியில் அப்படி ஒன்று வேரூன்ற இடமுண்டு. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. வட்டக்கச்சியிலும் வவுனியாவிலும் விவசாயப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. நெல் அறுவடை இயந்திரத்துக்குப் போனபின் தை, மாசியில் கூலி தேடும் பெண்கள் ஊரூராக இருக்கிறார்கள். தட்டு நிரப்பி விதை போடுவதும் ஒட்டுவதும் நுணுக்கமான கைவேலை. சிக்கல் எங்கே வருமென்றால், ஒரே கூடாரத்திலிருந்து ஊர் முழுக்க நாற்று போகும்போது நோயும் அதே வழியில் போகும். வைரசு ஏறிய ஒரு தொகுதி ஒட்டுசுட்டானிலிருந்து மல்லாவி வரை ஒரே கிழமையில் பரவிவிடலாம். அதனால் நாற்றுக்கூடாரத்துக்குள் காய்க்கும் செடி ஒன்றும் நிற்கக்கூடாது, வீட்டுக்கு இரண்டு மிளகாய்க் கன்று என்ற சலுகையும் கூடாது. கதவு இரட்டைக் கதவாக இருக்கவேண்டும், தட்டை ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயவைக்கவேண்டும். விவசாயப் போதனாசிரியர் பார்த்துச் சரி சொல்லாத தொகுதி, முன்பணம் கட்டியவர் வாசலில் நின்றாலும், வெளியே போகக்கூடாது.